இருட்டில் தெளிவாகப் பார்க்கக் கண்ணில் சொட்டு விடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. நட்சத்திரம் பார்ப்பதும் இரவு மலையேற்றமும் என் பொழுதுபோக்கு. எங்கள் குழுவில் ஒருவர் 'குளோரின் இ6' என்ற தூளை இணையத்தில் வாங்கியிருக்கிறார். அதைச் சொட்டாகக் கலந்து கண்ணில் விட்டால் சில மணி நேரத்துக்கு இருட்டில் 50 மீட்டர் தூரம்வரை ஆட்களை அடையாளம் காணலாம் என்கிறார். இன்னொருவர் பில்பெரி என்ற பழத்தின் மாத்திரை போதும் என்கிறார். இவற்றில் எது பாதுகாப்பானது? கடந்த ஒரு வருடமாக இருட்டில் நான் மற்றவர்களைவிட அதிகம் தடுமாறுகிறேன்.

பதில்: சொட்டு வேண்டாம். உங்கள் நண்பரும் விட்டுக்கொள்ள வேண்டாம். மாத்திரையால் பெரிய கெடுதல் வராது, பலனும் இருக்காது. இந்த இரண்டையும்விட உங்கள் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த 50 மீட்டர் கணக்கு 2015இல் கிளம்பியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 'சயின்ஸ் ஃபார் த மாஸஸ்' என்ற சிறு குழு, தங்களில் ஒருவரான கேப்ரியேல் லிசினாவின் கண்களில் குளோரின் இ6 கரைசலை விட்டது. இது பச்சையத்திலிருந்து கிடைக்கும் சேர்மம். நீச்சல் குளத்தில் போடும் குளோரினுக்கும் இதற்கும் உறவில்லை. கரைசலில் உப்புநீரோடு இன்சுலினும், டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானும் இருந்தன. வெளிச்சம் புகாமலிருக்கக் கருப்பு லென்ஸ், அதற்கு மேல் கருப்புக் கண்ணாடி. இருட்டிய பிறகு மரங்களுக்கு நடுவே நின்றவர்களை அவர் எல்லா முறையும் கண்டுபிடித்தார். சொட்டு விடாத நால்வர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சரியாகச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சொட்டு விட்டவர் ஒரே ஒருவர். அவருக்கும் தெரியும், சுற்றி இருந்தவர்களுக்கும் தெரியும். இது ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நீண்ட நேரம் இருந்தாலே யாருடைய கண்ணும் இருட்டுக்குப் பழகிக் கூர்மையாகிவிடும். அப்படியானால் வேலை செய்தது சொட்டா, கண்ணாடியா? ஒரே மாதிரிக் கண்ணாடியைப் போட்டு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரை விட்டு, யாருக்கு எது என்று சோதிப்பவருக்கே தெரியாமல் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் கருவிகளைக் கொண்டு மேலும் சோதிக்க வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது. அதைத்தான் யாரும் பகிர்வதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. முன்னால் விடும் சொட்டில் பெரும்பகுதி கண்ணீரோடு மூக்குக்குள் வடிந்துவிடும். மிகச் சிறிய பங்குதான் கருவிழியைத் தாண்டும். விழித்திரைவரை போவது அதிலும் சொற்பம். அது எளிதாக இருந்திருந்தால், விழித்திரை நோயாளிகளுக்கு மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். ஆகவே குளோரின் இ6 விழித்திரைக்குப் போகவில்லை என்றால் அது எந்தப் பார்வையையும் கூட்டியிருக்க முடியாது. போனது என்றால் விஷயம் இன்னும் மோசம். மருத்துவத்தில் இந்தச் சேர்மத்தின் வேலையே வேறு: புற்றுக்கட்டியில் சேர்த்து, அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் தீவிரமான ஆக்சிஜன் உண்டாகி அங்குள்ள செல்கள் சாகும். இதே குடும்பத்து மருந்து ஒன்றை விழித்திரைக்கு அடியில் வளரும் தவறான ரத்தக்குழாய்களை அடைக்கக் கண் மருத்துவத்திலும் பயன்படுத்துகிறோம். அதை ஏற்றிய பிறகு சில நாட்கள் வெயிலில் போகாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புவோம். உங்கள் நண்பர் காலையில் மலையிறங்கும்போது சூரியன் எதிரே நிற்கும்.

தூய்மைப் பிரச்சினை தனி. 2023இல் அமெரிக்காவில், தொழிற்சாலையில் தயாராகிக் கடையில் விற்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டில் கிருமி புகுந்து சிலர் பார்வையை இழந்தார்கள், சிலர் இறந்தே போனார்கள். வீட்டு மேசையில் கலக்கும் தூள் அதைவிடச் சுத்தமாக இருக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை. டி.எம்.எஸ்.ஓ. வேறு, தன்னோடு இருக்கும் அசுத்தத்தையும் திசுவுக்குள் கூட்டிக்கொண்டு போகும் பேர்வழி.

சரி, யோசனையாவது நல்ல யோசனைதானே என்று கேட்கலாம். 'மலகோஸ்டியஸ்' என்ற ஆழ்கடல் மீன் பச்சையத்தின் வழித்தோன்றலைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மற்ற மீன்களுக்குத் தெரியாத அடர்சிவப்பைப் பார்க்கிறது. இது உண்மை. ஆனால் அந்த மீனுக்குக் கண்ணுக்குக் கீழே சொந்தமாக ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது! எதிரிக்குத் தெரியாத டார்ச்சை அடித்துவிட்டு, அந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறது. நம்மிடம் அந்த விளக்கு இல்லை. இரவு வானத்தில் சிவப்பும் அகச்சிவப்பும் கொஞ்சம் இருப்பது வாஸ்தவம்தான், ஆனால் அதைப் பிடிப்பதற்கு ஒரு விலை உண்டு.

அந்த விலையைப் புரிந்துகொள்ளக் கண்ணின் கோல் செல்களைப் பார்க்க வேண்டும். இருட்டில் நமக்கு உதவுபவை இவைதான். 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவர், ஒரு மங்கலான ஒளிச்சிமிட்டலைக் கவனிக்க 5 முதல் 14 ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, கோல் செல்கள் உறிஞ்சினால் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு கோல் செல் ஒற்றை ஃபோட்டானுக்கே பதில் கொடுக்கும். அதற்குமேல் கூர்மையாக்க அதில் என்ன மிச்சம் இருக்கிறது? நம்மைத் தடுப்பது உணர்திறன் குறைவு அல்ல, இரைச்சல். கோல் செல்லிலுள்ள ரோடாப்சின் மூலக்கூறு, வெளிச்சமே படாமல் உடல் சூட்டினால் மட்டும் எப்போதாவது தானாகத் தூண்டப்படும். ஒரு மூலக்கூறுக்கு அப்படி நடக்கச் சராசரியாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு செல்லில் ஏறத்தாழ 10 கோடி மூலக்கூறுகள் இருப்பதால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொய்ச் செய்தி கிளம்பிவிடும். சிவப்பை நோக்கி நகர்த்தப்பட்ட நிறமிகள் பொதுவாக இன்னும் எளிதாகத் தூண்டப்படுபவை, ஆகவே பொய்ச் செய்திகளும் கூடும். சந்தைக் கூச்சலில் கிசுகிசு கேட்கவில்லை என்று காதுக்கருவியின் சத்தத்தைக் கூட்டினால், கூச்சலும் சேர்ந்துதான் கூடும். வைட்டமின் ஏ-யின் இன்னொரு வடிவமான ஏ2வைச் சாப்பிட்டு அகச்சிவப்பைப் பார்க்கலாம் என்ற முயற்சியும் இதே சுவரில்தான் முட்டுகிறது.

2019இல் எலிகளின் விழித்திரைக்கு அடியில் நானோ துகள்களை ஊசியால் செலுத்தி அகச்சிவப்பைப் பார்க்க வைத்தார்கள். 2025இல் அதே வழியில் மனிதர்களுக்கான லென்ஸ் வந்தது. நல்ல அறிவியல், முறையாகச் செய்யப்பட்டது. ஆனால் பிரகாசமான அகச்சிவப்பு விளக்கு சிமிட்டினால்தான் அந்த லென்ஸில் தெரியும். இருண்ட பாதையில் வேர் எங்கே, கல் எங்கே என்று அது காட்டாது. ராணுவம் பயன்படுத்தும் இரவுப் பார்வைக் கருவி வெளிச்சத்தை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கித் தருவது. அந்த வேலையை எந்தச் சொட்டும் செய்யாது.

பில்பெரிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் அதன் ஜாமைச் சாப்பிட்டு இரவில் குறிபார்த்தார்கள் என்பது கதை. கேரட் சாப்பிட்டுத்தான் அந்த விமானிகளுக்கு இருட்டில் கண் தெரிந்தது என்ற கதையும் அதே போர்க்காலத்துச் சரக்கு. விமானங்களில் ரேடார் இருப்பதை எதிரி ஊகிக்காமலிருக்க அது வசதியாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையில் பார்வை நன்றாக உள்ள இளைஞர்களிடம் சோதித்து 2000இல் வெளியான ஆய்வில் பில்பெரியால் இரவுப் பார்வை கூடவில்லை. 2004இல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தவர்களும், கறாராகச் செய்யப்பட்டவற்றில் பலன் தெரியவில்லை என்றார்கள். வைட்டமின் ஏ மட்டும் வேறு ரகம்: குறைபாடு இருந்தால் மாலைக்கண் வரும், கொடுத்தால் சரியாகும். குறைபாடு இல்லாதவர் விழுங்கினால் அது கல்லீரலில் தேங்கும்; கர்ப்பிணிகளுக்கு அதிக அளவு கருவையே பாதிக்கும். இரவில் வண்டி ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியையும் வாங்காதீர்கள், உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

செலவில்லாமல் கிடைப்பது நிறைய இருக்கிறது. முழு இருட்டுக்குக் கண் பழக 30 முதல் 40 நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை ஃபோனைப் பார்த்தால் பழையபடி தொடங்க வேண்டியதுதான். மங்கலான சிவப்பு விளக்கு போதும், கோல் செல்கள் அடர்சிவப்பைப் பெரிதாக மதிப்பதில்லை. நேராகப் பார்க்காதீர்கள்: பார்வையின் நடுமையத்தில் கோல் செல்களே கிடையாது, ஆகவே பார்க்க வேண்டிய நட்சத்திரத்துக்குச் சற்று ஓரமாகக் கண்ணை வைத்தால் அது தோன்றும். புகைபிடித்தால், அப்புறம் உயரமான மலையில் ஆக்சிஜன் குறைந்தால், முதலில் மங்குவது இரவுப் பார்வைதான்.

இனி உங்கள் கடைசி வாக்கியம். 34 வயதில், ஒரு வருடத்துக்குள், மற்றவர்களைவிட அதிகமாகத் தடுமாறுவது இயல்பான மாற்றம் அல்ல. எளிய காரணம் இரவில் மட்டும் தலைகாட்டும் கிட்டப்பார்வை. கண்ணாடியைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும். கண்புரையாகவும் இருக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறீர்களா, குடல் அறுவை செய்துகொண்டீர்களா, சர்க்கரை உண்டா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். கதவு ஓரத்தில் இடித்துக்கொள்வது, பக்கவாட்டில் வருபவரைக் கவனிக்காமல் விடுவது, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் பார்வை போனது போன்றவை இருந்தால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயையும் பார்க்க வேண்டும். கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதிக்கவும், பக்கப் பார்வையை அளக்கவும் கேளுங்கள். அந்த முடிவு தெரியும்வரை இரவு மலையேற்றத்தைத் தள்ளிவையுங்கள். நண்பர் ஏற்கெனவே சொட்டு விட்டிருந்தால், சுத்தமான நீரால் கண்ணை நன்றாகக் கழுவிவிட்டு, வெயிலுக்குக் காட்டாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகட்டும். மீதித் தூளையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.