போஸ்ட்-பங்க் இரவுக்கு வருவோருக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வரும் சனிக்கிழமை கொழும்பு 7இல் ஒரு போஸ்ட்-பங்க் பாண்டும், எலக்ட்ரோனிக் இசையில் பரிசோதனை செய்யும் இருவரும் மேடையேறுகிறார்கள். மிக்ஸிங் மேசையில் அடியேன். முதன்முறை வருபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை மாணவர்: அண்ணா, பங்க் இசை தெரியும், கிட்டாரில் மூன்றே மூன்று கோர்ட், ஒரே கத்தல். போஸ்ட்-பங்க் என்றால்?

அந்தக் கத்தலுக்குப் பிறகு வந்தது, தம்பி. 1977 வாக்கில் லண்டன் ரொக்ஸி கிளப்பில் டொன் லெட்ஸ் என்ற டிஜே, போடுவதற்குப் போதிய பங்க் இசைத்தட்டு இல்லாமல் ஜமைக்காவின் ரெகேயையும், அதிலிருந்து பிறந்த டப் இசையையும் போட்டார். வந்த கூட்டத்தின் காதில் அந்த பேஸ் கிட்டாரின் கனத்த கீழ் ஒலி ஏறிவிட்டது. பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற போஸ்ட்-பங்க் பாண்டில் ஜா வொபிள் பேஸ் வாசித்ததைக் கேட்டால் விளங்கும். ஜோய் டிவிஷன் என்ற இன்னொரு பாண்டின் பீட்டர் ஹூக் பேஸில் மேல் ஸ்வரங்களையே வாசித்தார். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை: அவருடைய ஆம்ப் மோசம், கிட்டார் சத்தத்தில் கீழ் ஸ்வரம் அவருக்கே கேட்கவில்லை! கடைசியில் அதுவே அவர் பாணியாகிவிட்டது. ஆகவே கிட்டாரைத் தேடாமல் பேஸைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எலக்ட்ரோனிக் ஆட்கள் லப்டொப்பில் பட்டனை அமத்திவிட்டுச் சும்மா நிற்கிறார்களே, அதுவும் வாசிப்பா?

சிலர் அப்படித்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை வருபவரில் ஒருவர் லப்டொப்பைத் தொடுவதே இல்லை. சின்ன மிக்சர் ஒன்று, அவ்வளவுதான். அதன் அவுட்புட்டை வயரால் அதன் இன்புட்டுக்கே கொடுப்பார். சுற்றிச் சுற்றி வரும் சிக்னல் கூவத் தொடங்கும். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் காதைக் கிழிக்குமே, அதே சங்கதி. ட்ரெபிள் குமிழை மயிரிழை திருப்ப, கூவல் துடிப்பாகும். இன்னும் கொஞ்சம் திருப்ப, தாளமாகும். குமிழை அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தாலும் அதே ஒலி கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஜப்பானின் தொஷிமாரு நகமுரா இதைத் தனி வாத்தியமாகவே வளர்த்தெடுத்தவர். மற்றவர், புறக்கோட்டையில் வாங்கிய பீசோ தகட்டை (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சின்னத் தகடு) தகரப் பேணியில் ஒட்டிக் கம்பியால் உரசுவார். இருவரின் விரல்களையும் பாருங்கள்.

தெஹிவளை வாசகி: மகளையும் கூட்டி வரலாமா? காதுக்குக் கேடில்லையா?

தாராளமாக வாருங்கள் அக்கா, ஆனால் காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் என்றால் எட்டு மணிநேரம் வரை பரவாயில்லை. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பஞ்சு உதவாது, பார்மசியில் ஃபோம் அடைப்பான் வாங்கி, மெல்லிசாக உருட்டி உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். ஸ்பீக்கர் பொக்ஸுக்கு முன்னால் வேண்டாம். என் மேசைப் பக்கம் நின்றால் எல்லாம் சமனாகக் கேட்கும்.

மருதானை வாசகர்: நம்மவர் யாராவது இந்த வழியில் வந்திருக்கிறார்களா?

சுற்றி வளைத்து ஒருவர். வயர் என்ற லண்டன் போஸ்ட்-பங்க் பாண்டின் மெட்டை எடுத்ததாக 90களில் எலாஸ்டிகா என்ற பாண்டின் மீது பிரச்சினை கிளம்பி, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. அந்த எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் தாளமும் இசையும் கோக்கும் தன் ரோலண்ட் எம்சி-505 பெட்டியைத் தோழி ஒருவருக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த அந்தத் தோழிதான் பாடகி எம்.ஐ.ஏ. 2005இல் வந்த அவருடைய 'அருளர்' அல்பம் அந்தப் பெட்டியில் தட்டிப் பார்த்ததிலிருந்து முளைத்தது.

பம்பலப்பிட்டி வாசகர்: எத்தனை மணிக்கு முடியும்?

பத்துக்கு முன்பே. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007இல் கடிவாளம் போட்டுவிட்டது. அதனால் ஆறரைக்கே தொடங்குவோம். இலங்கை நேரம் பார்த்து வந்தால் பாதி போய்விடும்.

இன்னொருவர்: என் ஆம்ப் எந்நேரமும் 'ம்ம்' என்று இரைகிறது, என்ன செய்ய?

நமது கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல்தான். எல்லாக் கருவியையும் ஒரே ப்ளக் போர்ட்டில் செருகிப் பாருங்கள். அடங்காவிட்டால் வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் இடையில் டிஐ பொக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்; அது சிக்னல் வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும். ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஷொக் அடிக்கும்.