எதிர்காற்றில் மிதிக்கும்போது நெஞ்சு இறுகினால்

கேள்வி: எனக்கு வயது 46, ஊர் களுவாஞ்சிகுடி. இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளிகளுக்குப் பணம் சேர்க்க, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரண்டு நாளில் தனியாகச் சைக்கிள் ஓடப்போகிறேன். பயிற்சியில் சின்ன விரல் விறைக்கிறது. முழங்கால் நோவுக்கு டைக்ளோபினாக் போடுகிறேன். படுத்திருக்கும்போது துடிப்பு 48 என்று கைக்கடிகாரம் காட்டுகிறது. இதற்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். மூன்று கிழமையாக எதிர்காற்றில் ஓடினால் வாய்வு நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குடித்தும் குறையவில்லை. அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனவர். ஓடலாமா?

பதில்:

இப்போதைக்கு ஓட வேண்டாம் தம்பி. நாளைக் காலை சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

அது வாய்வு என்று உங்களுக்கு யார் சொன்னது? வாய்வுக்குக் காற்றின் திசை தெரியாது. நெஞ்செரிவு சாப்பிட்ட பிறகு, குனியும்போது, படுக்கும்போது வருவது. மிதிக்கும்போது வந்து, நின்ற சில நிமிடங்களில் விட்டுவிடுவது இருதயத் தசைக்கு இரத்தம் போதாதபோது வரும் இறுக்கத்தின் குணம். நம்முடைய கரையோரத்தில் மலை இல்லை, காற்றுத்தான் ஏற்றம். வாழைச்சேனை தாண்டி மேற்கே திரும்பினால் கச்சான் என்ற மேல்காற்று முகத்தில் அடிக்கும். அதை எதிர்த்து மிதிக்கையில் இருதயம் கேட்கிற இரத்தத்தை, ஒடுங்கிய குழாயால் கொடுக்க முடியாது. உங்களுக்கு அப்படித்தான் என்று கடிதத்தைப் பார்த்து நான் முடிவு சொல்லவில்லை. ஆனால் தகப்பனுக்கோ ஆண் சகோதரத்துக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதை நாங்கள் தனியாகக் கணக்கில் எடுப்போம். மூன்று கிழமைக்குள் புதிதாகத் தொடங்கிய இறுக்கம் என்பதால் தள்ளிப்போடவும் இடமில்லை.

போனதும் ‘நெஞ்சில் வாய்வு’ என்று சொல்லாதீர்கள். ‘உழைத்தால் இறுகுகிறது, நின்றால் விடுகிறது, அப்பா 51 இல் மாரடைப்பில் போனவர்’ என்று இதே வரிசையில் சொல்லுங்கள். ஈசிஜி எடுப்பார்கள். அது நல்லதாக இருந்தாலும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடாதீர்கள். ஓய்வில் இருக்கும் இருதயத்தின் ஈசிஜி பல நேரம் சாதாரணமாகவே வரும். இருதய கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எக்கோ என்ற இருதய ஸ்கேன், ஓடவிட்டுப் பார்க்கும் ஈசிஜி, தேவைப்பட்டால் இருதயக் குழாய்களைப் படம் எடுக்கும் அஞ்சியோகிராம் என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கிடையில் இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்தாலோ, நின்றும் விடாமல் இருந்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. முச்சக்கரவண்டி தேடி அலைய வேண்டாம், நீங்களே மோட்டார் சைக்கிளில் போகவும் வேண்டாம்.

டைக்ளோபினாக்கை இன்றே நிறுத்துங்கள். பாமசியில் கேட்டவுடன் தருகிறார்கள் என்பதற்காக அது பாதுகாப்பான குளிசை ஆகிவிடாது. மாரடைப்பு ஆபத்தை அது கூட்டுகிறது. வெயிலில் வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்காகப் பாடுபடுகிற உங்கள் சிறுநீரகத்துக்கே அந்தக் கேடு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். முழங்காலின் முன்பக்கம்தான் நோகிறது என்றால் இருக்கை பதிவாக இருக்கும். கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.

விரல் விறைப்பது ஹேண்டிலில் உள்ளங்கை அழுந்தி நரம்பு நசுங்குவதால். பிடியை மாற்றி மாற்றிப் பிடியுங்கள், கையுறை போடுங்கள். ஓடி முடித்த மறுநாளும் விறைப்பு இருந்தால் மட்டும் காட்டுங்கள். துடிப்பு 48 பயிற்சி செய்கிறவருக்குச் சாதாரணம். மயக்கமோ தலைச்சுற்றோ இல்லாதவருக்கு பேஸ்மேக்கர் என்று எழுதியவர் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் அல்ல.

பரிசோதனைகள் முடிந்து இருதய வைத்தியர் ‘ஓடு’ என்றால் நானும் மகிழ்ச்சியாக ஓடச் சொல்வேன். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதையை இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டளை இடவில்லை, நான்கு நாளாக்குங்கள். விடிய முன் புறப்பட்டு, பத்து மணிக்குள் நிழலுக்குப் போங்கள். தாகத்துக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் போத்தல் போத்தலாகக் குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரும். சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கலாம், இல்லையென்றால் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்து வையுங்கள். பின்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரட்டும், சேரும் பணம் அதனால் குறையாது. புனானைக்கு அங்கால் பொழுதுபட்டபின் ஓடவே வேண்டாம், யானை நிற்கும்.

புறப்படும் திகதியைச் சொல்லிக் காசு தந்தவர்களிடம், வைத்தியர் மறித்து வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். மாரி மழை முடிந்து மாசியில் ஓடினால் கச்சானும் இருக்காது.