ஓடி அடங்காத நாய்க்கு என்ன பயிற்சி? – கேள்வி பதில்

அண்ணா, சிப்பிப்பாறை ஆண், 14 மாதம். சென்னையில் அபார்ட்மென்ட். காலையும் மாலையும் 5 கி.மீ. நடக்க வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சோபாவைக் கிழிக்கிறான். இன்னும் தூரத்தைக் கூட்டவா?

கூட்ட வேண்டாம். தூரத்தைக் கூட்டக் கூட்ட அவனுக்குத் தம் கூடும். அடுத்த மாதம் 7 கி.மீ. நடந்துவிட்டு வந்து இதே சோபாவைத்தான் கிழிப்பான். சிப்பிப்பாறையும் கன்னி நாயும் கண்ணில் பட்டதை முழு வேகத்தில் விரட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் சுருண்டு படுக்கிற ஜாதி. பெல்ட்டில் ஒரே சீராக நடப்பது உங்களுக்குத்தான் பயிற்சி.

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், வேக ஓட்டம் கொடுங்கள். முதலில் 10 நிமிடம் நடை. பிறகு சுற்றுச்சுவர் உள்ள மண் தரையில் 60, 70 மீட்டர் தூரம் நான்கு முதல் ஆறு ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவே 2, 3 நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். வேகம் குறைவது தெரிந்ததும் அன்றைக்கு அவ்வளவுதான். களைத்த காலில் எடுக்கும் ஓட்டத்தில்தான் தசை பிடித்துக்கொள்ளும். முடித்ததும் மறுபடி 10 நிமிடம் நடை.

விரட்டுவதற்குப் பொருள் வேண்டுமே என்றால், 5 அடி பிவிசி குழாய்க்குள் கயிறு கோத்து, வெளியே 6 அடி விட்டு, நுனியில் பழைய துணியைக் கட்டுங்கள். தரையோடு தரையாக, அகலமான வட்டத்தில் இழுக்க வேண்டும். பலர் இதை மேலே தூக்கி ஆட்டுகிறார்கள். நாய் அந்தரத்தில் முறுக்கிக்கொண்டு பின்னங்காலில் இறங்கும்போது முழங்கால் ஜவ்வு போய்விடும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை துணியைப் பிடிக்க விடுங்கள். கடைசிவரை கிடைக்காத இரை அவனை இன்னும் வெறியேற்றும்.

இரண்டு நாள் 20 நிமிடம் தொங்கோட்டம். ஒரு நாள் வெறும் மோப்ப நடை: நீளக் கயிறு, அவன் போகும் பக்கம் நீங்கள் போக வேண்டும், நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் முழு ஓய்வு. தினமும் சாப்பாட்டில் பாதியை வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். சோபா தப்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று: இந்த இனத்துக்குத் தலை கழுத்தைவிட ஒல்லி. சாதாரணக் காலர் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள். பூனையைப் பார்த்தபின் கூப்பிட்டால் வரமாட்டான். திறந்த இடத்தில் அவிழ்த்துவிட வேண்டாம்.

சார், மே மாதத்தில் எத்தனை மணிக்குக் கூட்டிப் போகலாம்? மாலை 6 மணிக்குப் போனாலும் இரைக்கிறது.

6 மணிக்கு வெயில் இறங்கியிருக்கும், தார் ரோடு ஆறியிருக்காது. வெறும் 25 டிகிரி காற்றிலேயே நேர்வெயில் பட்ட தார் 50 டிகிரியைத் தாண்டும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். இரவென்றால் எட்டரைக்குப் பிறகு, மண் தரையில்.

நாய்க்கு உடம்பில் நம்மைப் போல வியர்க்காது. இரைத்து இரைத்து நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். காற்றில் புழுக்கம் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது. அதனால்தான் சென்னை, தூத்துக்குடி பக்கம் 32 டிகிரியிலும் நாய் விழுகிறது. வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள்.

நாக்கின் நுனி அகன்று ஓரம் மடங்கினால் திரும்பிவிடுங்கள். எச்சில் கொழகொழவென்று தடித்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, பின்னங்கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-க்கு மேல் போனால் உயிர் போகிற விஷயம். முதல் வேலை தண்ணீர், அப்புறம்தான் வண்டி. குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடை இடுக்கில் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயில் தண்ணீரைத் திணிக்க வேண்டாம். 103.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தலாம். எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாத சிக்கலும் மறுநாள்கூடத் தலைகாட்டும்.

லேப்ரடார் (லேப்) குட்டி, 4 மாதம். எவ்வளவு தூரம் நடக்கலாம்? மாடிப்படி ஏறலாமா?

ஒரு மாத வயதுக்கு 5 நிமிடம் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் 20 நிமிடம். இது ஆய்வில் நிறுவப்பட்ட விதியல்ல, கைக்கணக்குதான். ஆனாலும் பெல்ட்டில் இழுத்துப் போகும் நடைக்கு நல்ல எல்லை. புல்லிலோ மண்ணிலோ தானாக ஓடி, தானாக உட்கார்ந்து விளையாடுவதை இதில் சேர்க்க வேண்டாம்.

படியைப் பொறுத்தவரை தயங்காமல் சொல்லலாம். லேப் உட்பட நான்கு பெரிய இனங்களை நார்வேயில் பிறந்ததிலிருந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக வந்தது. மென்மையான, மேடுபள்ளமான தரையில் அவிழ்த்துவிட்டு வளர்த்தவற்றுக்குக் குறைவாக வந்தது. அந்த மூன்று மாதம் உங்களுக்குத் தாண்டிவிட்டது. என்றாலும் இன்னும் சில மாதம் தூக்கிக்கொண்டே ஏறுங்கள். வழவழ டைல்ஸில் பந்து உருட்டாதீர்கள். உங்களோடு சேர்ந்து ஜாகிங், உயரத்திலிருந்து குதிப்பது எல்லாம் 15 மாதத்துக்குப் பிறகு. கடைசித் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருநாய்கள் புழங்கும் இடம் வேண்டாம்.

மொட்டைமாடியில் தினமும் 50 தடவை பந்து போடுகிறேன். நன்றாகக் களைக்கிறது. ஆனால் மறுநாள் காலை நொண்டுகிறது.

50 முறை முழு வேகம், 50 முறை திடீர் பிரேக், அதுவும் சிமெண்டில். நொண்டாமல் என்ன செய்யும்? இப்போதைக்குப் பந்தை நிறுத்துங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் முழங்காலைக் காட்டுங்கள். பிறகு தொடங்கினாலும் மண் தரை, எட்டுப் பத்து எறி, அதற்கு மேல் இல்லை. பந்து உருண்டு நின்ற பிறகு “போ” என்று அனுப்புங்கள். குட்டிக்கரணம் போட்டுப் பிடிக்கும் வேலை இருக்காது. தொண்டைக்குள் போகாத அளவுப் பந்தாக இருக்கட்டும்.

பெல்ஜியன் மாலினாய்ஸ், 2 வயது. பின்னங்கால் பலம் கூட என்ன செய்யலாம்? சுவர் ஏற வைக்கலாமா?

சுவர் ஏறும் வீடியோவுக்கு லைக் விழும். இறங்கும்போது தோள்பட்டைக்கு விழும் அடி வீடியோவில் தெரியாது. அடித்தளம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஆறு பிவிசி குழாய், 4 அடி நீளம். செங்கல்லைப் படுக்க வைத்து (3 அங்குல உயரம் வரும்) அதன் மேல் குழாயைச் சும்மா வையுங்கள். கட்டக்கூடாது, கால் பட்டால் உருண்டு விழ வேண்டும். குழாய்களுக்கிடையே தோள் உயரம் அளவு இடைவெளி, உங்கள் நாய்க்கு 24 அங்குலம் போல. முதல் வாரம் நடையில் ஆறு முறை. அடுத்த வாரம் தொங்கோட்டத்தில். ஒரு இடைவெளியில் இரண்டு அடி வைத்தால் குழாய்கள் தள்ளி இருக்கின்றன, எட்டித் தாவினால் கிட்டே இருக்கின்றன என்று பொருள். ட்ரீட்டை மூக்கு மட்டத்தில் பிடியுங்கள். மேலே தூக்கினால் தலை நிமிர்ந்து முதுகு குழியும், பின்னங்கால் அதுபாட்டுக்கு இழுபடும்.

அடுத்தது உட்கார்ந்து எழுவது. ரப்பர் விரிப்பில் 8 முறை, 2 நிமிட ஓய்வு, மறுபடி 8. இரண்டு பின்னங்காலும் உடம்புக்கு அடியில் நேராக மடங்க வேண்டும். ஒரு கால் வெளியே சரிந்தால் ஒன்று களைப்பு, இல்லை வலி. முன்னே நகராமல் அதே இடத்தில் எழ வேண்டும். பிறகு சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே சந்து விட்டு, பின்னோக்கி ஏழெட்டு அடி நடக்க வையுங்கள். பின்னங்கால்களைத் தனியே உணர்வது இதில்தான் வரும். எல்லாம் சேர்த்து 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். தசையில் மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

மாலினாய்ஸ் தானாக நிறுத்தாது. கடிகாரத்தைப் பார்த்து நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

ஸ்கூட்டரில் கட்டி ஓட்டலாமா?

கூடாது. சைக்கிள் என்றால், 18 மாதம் தாண்டிய நாய், ஹார்னஸ் (நெஞ்சோடு மாட்டும் பட்டை), மண் பாதை, மணிக்கு 10–12 கி.மீ. வேகம். முதல் வாரம் 1 கி.மீ., பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். கயிறை ஹேண்டில்பாரில் கட்ட வேண்டாம்.

ராஜபாளையத்துக்கு ஓட்டத்துக்கு முன் முட்டை, சோறு கொடுத்தால் தெம்பு வருமா?

ஆபத்துதான் வரும். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு, வயிறு நிரம்பியிருக்கும்போது குதித்து ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஓட்டம். ஓடி முடித்து, இரைப்பு முழுசாக அடங்கி, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. ஒரே வேளை பெரிய சோற்றை இரண்டாகப் பிரியுங்கள். வாந்தி வருவது போல் ஓங்கரித்து ஒன்றும் வராமல், வயிறு மத்தளம் போல் விம்மினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கிணற்றில் நீந்த விடலாமா?

நாய் தானாக வெளியேற வழியில்லாத கிணறு வேண்டாம். பம்புசெட் தொட்டி நல்லது, இறங்கி ஏறக் கல் போட்டிருந்தால். 2 நிமிடம் நீச்சல், ஓய்வு, இப்படி மூன்று முறை போதும். சிப்பிப்பாறை போன்ற கொழுப்பில்லாத உடம்பு சுலபமாக மிதக்காது, லைஃப் ஜாக்கெட் போடுங்கள். குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரைக் கடித்துக்கொண்டே நிற்கும் நாய்களை மட்டும் இழுத்துவிடுங்கள். அளவுக்கு மீறி விழுங்கினால் ரத்தத்தில் உப்பு குறைந்து, வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். முடிந்ததும் காதைத் துடையுங்கள். தேங்கிய குட்டை என்றால் எலிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

4 கி.மீ. ஓடும் நாய், இப்போது 1 கி.மீ.-யில் உட்கார்ந்துவிடுகிறது. 3 வயதுதான். சோம்பல் வந்துவிட்டதா?

துடிப்பான நாய்க்கு 3 வயதில் சோம்பல் வராது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலும், மூக்கில் ரத்தம் கசிந்தாலும், உண்ணி இருந்தாலும் டிக் ஃபீவராக (உண்ணிக் காய்ச்சல்) இருக்கலாம். நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். தட்டணுக்கள் எண்ணிக்கையோடு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்னும்வரை ஓட்டம் கிடையாது; தொடங்கும்போது பழைய தூரத்தில் கால் பங்கு. கடும் ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் டீ நிறத்தில் போனால் அது தசை சிதைந்ததற்கு அடையாளம், அன்றே காட்ட வேண்டும்.

மழைக்காலத்துக்கு ட்ரெட்மில் வாங்கட்டுமா?

மனிதர்களுக்கான மெஷினில் பட்டை பெரும்பாலும் நாலடிதான். பெரிய நாய் காலை முழுதாக நீட்டாமல் குறுக்கி ஓடப் பழகிவிடும். வாங்குவதானால் நாய்க்கென்று நீளப் பட்டையோடு வருவதை வாங்குங்கள். பெல்ட்டை மெஷினில் கட்டிவிட்டு நகராதீர்கள். அந்தப் பணம் இல்லையென்றால் மேலே சொன்ன குழாய், செங்கல், ஒளித்து வைத்த சோறு மூன்றையும் ஹாலில், ரப்பர் விரிப்பு போட்டுச் செய்யலாம்.