பஞ்சாயத்தில் எழுதிய பத்திரம் விவாகரத்து ஆகுமா?

கேள்வி: எங்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒத்துவராததால் இரண்டு வருடத்துக்கு முன்பு பெரியவர்கள் பஞ்சாயத்து பேசி, ‘இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தாலியையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆறு வயது மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். இப்போது அவருக்குப் பெண் பார்க்கிறார்கள். எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டதா?
– வாசகி, காசிமேடு

பதில்: ஆகவில்லை. சட்டப்படி நீங்கள் இன்றும் அவருடைய மனைவிதான். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின்படி விவாகரத்து தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. நோட்டரி முத்திரை இருந்தாலும், தாலியைக் கொடுத்திருந்தாலும் இது மாறாது. வழிவழியாக வரும் விவாகரத்து வழக்கத்தைச் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள் என்பது மட்டும் போதாது.

ஆகவே இந்த நிலையில் அவர் இன்னொருத்தியைக் கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. நீங்கள் மறுமணம் செய்தாலும் இதே சட்டம்தான்.

எனக்குக் கவலை தருவது அந்தப் பத்திரத்தில் உள்ள ‘சம்மதித்துப் பிரிகிறோம்’ என்ற வரி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில்தான் இப்போது ஜீவனாம்சம் கேட்கிறோம். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு அந்தப் பிரிவில் ஜீவனாம்சம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார். கட்டாயப்படுத்தியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கியிருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மகளின் உரிமை வேறு. அதை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, அப்பா செலவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதே பத்திரம் ஒரு விதத்தில் உதவவும் செய்யும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்த தேதிக்கு அது நல்ல சாட்சி. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பது விதி. ஆனால் நீண்ட நாள் பிரிந்திருந்து, பணம், பிள்ளை என எல்லாம் பேசி முடிந்திருந்தால் நீதிபதி அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மறுமணத்துக்கு அவசரப்படுகிறார் என்றால் இந்த வழிக்கு ஒத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். ஆகவே பேரம் பேசும் இடத்தில் இருப்பது நீங்கள்.

‘சம்பளம் கையில்தான் வாங்குகிறேன், கணக்கே கிடையாது’ என்று அவர் சொல்லலாம். ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வரவு செலவு, சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020 முதல் கட்டாயம். வண்டிக் கடன் தவணை, ஜிபேயில் வந்த லோடு பணம், ஓட்டுநர் உரிம நகல் என உங்களிடம் இருப்பதை இப்போதே எடுத்து வையுங்கள். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குப் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழி சொல்வார்கள். அப்புறம், சம்மத மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மகளுக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.