பதினைந்து நிமிட வகுப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் ஹாரோவிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் திருச்சி. அங்கே ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருடம் வணிகவியல் எடுத்தேன். எம்.காம்., எம்.ஃபில். கல்யாணமாகி இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு கடையின் கணக்குப் பிரிவில் பகுதிநேர வேலை. பையன் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டான். மறுபடி வகுப்பறைக்குள் போக வேண்டும் என்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. பெரியவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆசை.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் தொடக்கநிலைச் சான்றிதழான லெவல் 3 போதும் என்கிறார் ஒருவர். டிப்ளோமாவான லெவல் 5 இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்கிறார் இன்னொருவர். பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சியான பிஜிசிஇ செய், பள்ளிக்கும் உதவும் என்கிறார் நாத்தனார். இப்போதைக்கு லெவல் 3-இல் சேர்ந்துவிட்டேன். அடுத்த மாதம் 15 நிமிடம் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். ஐம்பது நிமிடம் குறிப்பே இல்லாமல் வகுப்பெடுத்தவளுக்கு இது எதற்கு என்று தோன்றுகிறது. சதவீதம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் என்ன பார்ப்பார்கள்? அதற்குப் பிறகு எந்த வழியில் போவது? என் ஆங்கில உச்சரிப்பை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

ஐம்பது நிமிடம் பேசிப் பழகியதுதான் அந்த 15 நிமிடத்தில் உங்களைக் கவிழ்க்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 15 நிமிடப் பாடத்துக்கு மைக்ரோடீச் என்று பெயர். அதில், எதிரே இருப்பவர் உள்ளே வரும்போது செய்ய முடியாத ஒன்றை வெளியே போகும்போது செய்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் செய்கிறார் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றும் பார்ப்பார்கள். உங்கள் பாட அறிவுக்கு அங்கே சோதனை கிடையாது. கல்லூரியில் எடுத்து வந்தவர்கள் சதவீதம் என்றால் என்ன, நூற்றுக்கு எத்தனை, வாய்பாடு என்ன என்று எட்டு நிமிடம் விளக்குவார்கள். பிறகு பலகையில் ஒரு கணக்கு. பிறகு "புரிஞ்சுதா?" எல்லோரும் தலையாட்டுவார்கள். நேரம் முடிந்துவிடும். கற்றார்கள் என்பதற்கு அந்த அறையில் ஒரு சான்றும் இருக்காது.

முதலில் இலக்கைச் சுருக்குங்கள். "சதவீதத்தைப் புரிந்துகொள்வார்கள்" என்று பாடத்திட்டத்தில் எழுதாதீர்கள், புரிதலைக் கண்ணால் பார்க்க முடியாது. "ஒரு பொருளுக்கு 15% தள்ளுபடி போக என்ன விலை என்று கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிப்பார்கள்" என்று எழுதுங்கள். 15 நிமிடத்துக்கு அது ஒன்றே போதும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நிமிடம், ஒரு கடை விலைச்சீட்டைக் காட்டி, 40 பவுண்டில் 10% எவ்வளவு என்று ஆளுக்கொரு சின்ன வெள்ளைப்பலகையில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். யாருக்கு என்ன தெரியும் என்பது அப்போதே தெரிந்துவிடும். அடுத்த மூன்று நிமிடத்தில் இரண்டு கணக்கை வாய்விட்டுச் செய்துகாட்டுங்கள். 40-க்கு 10% நான்கு, அதில் பாதி இரண்டு, ஆக ஆறு, விலை 34. 60-க்கு ஆறும் மூன்றும் ஒன்பது, விலை 51. பிறகு ஐந்து நிமிடம், இருவர் இருவராக மூன்று விலைச்சீட்டு: 20, 80, 24. முதல் இரண்டின் விடை 17, 68. மூன்றாவது வேகமாக முடிப்பவர்களுக்கு. 2.40-உம் 1.20-உம் சேர்ந்து 3.60, விலை 20.40. அடுத்த மூன்று நிமிடம், துணையில்லாமல் ஒவ்வொருவரும் தனியாக 120 பவுண்டுக்குச் செய்து பலகையைத் தூக்க வேண்டும். 102 என்று எத்தனை பலகை நிற்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் சான்று அதுதான். கடைசி இரண்டு நிமிடம், வேறு வழியில் போட்டவரைக் கேளுங்கள். 85%-ஐ நேராகக் கண்டுபிடித்தவர் ஒருவராவது இருப்பார்.

இதில் வரும் தவறுகளை முன்கூட்டியே திட்டத்தில் எழுதி வைத்திருந்தால் மதிப்பிட வரும் பார்வையாளர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார். ஒன்று, 6 என்று எழுதிவிட்டு நின்றுவிடுவது. அது தள்ளுபடி, விலை அல்ல. இன்னொன்று இதைவிடச் சுவையானது. 10% எடுக்கப் பத்தால் வகுத்தோம், அப்படியானால் 5% எடுக்க ஐந்தால் வகுக்கலாம் என்று நினைப்பது. பெரியவர்களின் வகுப்பில் இது அடிக்கடி வரும். சோம்பலால் வருவதல்ல, ஒரு விதியைக் கவனித்து நீட்டிப் பார்த்ததால் வருவது. அதைத் தவறு என்று அடித்துவிட்டு நகராதீர்கள். "10% நாலு பவுண்டு. 5% எட்டு பவுண்டா இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவரே திருத்துவார். அந்த மௌனத்தைத் தாங்குவது, பேசிப் பழகிய நமக்கு மிகக் கடினம்.

ஒரு எச்சரிக்கை. அன்று உங்கள் மாணவர்கள் உங்களோடு படிப்பவர்களே, அவர்களுக்குச் சதவீதம் தெரிந்திருக்கும். பாடம் தொடங்கும் முன் இந்த வகுப்பு எந்த நிலைக்கு என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பொதுவாக மைக்ரோடீச்சுக்கு மொத்தம் ஒரு மணி நேரம்: 15 நிமிடம் நீங்கள் நடத்துவது, மீதி மற்றவர்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது. அந்தக் குறிப்பும் மதிப்பிடப்படும், அலட்சியமாக எழுதாதீர்கள்.

உச்சரிப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஹாரோவில் உங்கள் வகுப்புக்கு வருபவர்களில் குஜராத்தியும் ருமேனியரும் சோமாலியரும் இருப்பார்கள், உங்கள் ஆங்கிலம் அவர்களுக்குப் பழகிவிடும். நீங்கள் மாற்ற வேண்டியது கணக்குச் சொற்களை. நாம் "ஃபைவ் இன்ட்டு ஃபோர்" என்றால் பெருக்கல். இங்கே "ஃபைவ் இன்ட்டு ட்வென்டி" என்றால் இருபதில் ஐந்து எத்தனை முறை போகும் என்ற வகுத்தல். நாம் வகுத்தலுக்குச் சொல்லும் "பை" இங்கே ஐந்துக்கு நாலு மீட்டர் அறை என்று நீள அகலம் சொல்லப் பயன்படும். வகுப்பில் "டைம்ஸ்", "டிவைடட் பை" என்றே சொல்லிப் பழகுங்கள். ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதும் கையை 100,000-க்குத் திருப்புங்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், அவர்கள் எழுதும் 1 உங்கள் கண்ணுக்கு 7 போலத் தெரியும். தப்பு என்று சிவப்பு மை வைக்கும் முன் எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். பெருக்குவதற்கு இங்கே கட்டம் போட்டு எண்களைப் பிரித்துச் செய்யும் முறை உண்டு. பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவ வந்த தாய்மார்கள் அதைத்தான் கேட்பார்கள். அதையும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் கொண்டுவந்த முறையை அழிக்காதீர்கள்.

இனி வழி. உங்களுக்குச் சொன்ன மூவரும் பாதி சரி. இங்கிலாந்தில் ஃபர்தர் எஜுகேஷன், அதாவது பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கான பல்கலைக்கழகம் அல்லாத கல்வி, ஆசிரியர்கள் சான்றிதழ் பெற்றாக வேண்டும் என்று 2007-இல் விதி வந்தது, 2013-இல் அது நீக்கப்பட்டது. சட்டம் இன்று கட்டாயப்படுத்தவில்லை. வேலை கொடுப்பவர் கேட்பார். மணிக்கூலி வகுப்புகளுக்கும் உள்ளூராட்சியின் வயதுவந்தோர் கல்வி மையங்களுக்கும் லெவல் 3-ஐ வைத்துக்கொண்டு நுழைய முடிகிறது. அதோடு நின்றால் மணிக்கூலியிலேயே நிற்பீர்கள். முழு ஆசிரியர் தகுதி என்பது லெவல் 5. உங்கள் எம்.ஃபில். பாடத் தகுதியில் சேரும், கற்பித்தல் தகுதியில் சேராது. பட்டங்களுக்கு, வெளிநாட்டுப் படிப்பை இங்குள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்லும் யூகே ஈனிக் அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லெவல் 5-இல் ஒரு குழப்பம் உண்டு. பழைய டிப்ளோமாவில் 100 மணி நேரம் வகுப்பெடுத்தால் போதும். 2024 செப்டம்பரிலிருந்து அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய டிப்ளோமாவுக்கு 250 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். இணையத்தில் பழைய அறிவுரைகள் இன்னும் கிடக்கின்றன, 100 மணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த 250-ஐக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி என்றால் வாரத்துக்கு நான்கு. வருடத்தில் 30 கற்பித்தல் வாரம் வைத்தால் 120. இரண்டு வருடத்தில் 240. பத்து மணி குறைகிறது, அதுவும் ஒரு வகுப்பும் ரத்தாகாமல் இருந்தால். ஒரே வருடத்தில் முடிக்க 36 வாரத்துக்கு வாரம் ஏழு மணி வேண்டும். படிப்பு பாதியில் நிற்பதென்றால் கட்டுரையைவிட இந்த மணிக்கணக்கில்தான் முதலில் இடறும். வகுப்பு கிடைக்காது, கிடைத்த வகுப்பில் ஆள் குறைந்து நடுவில் மூடிவிடுவார்கள். திருச்சியில் எடுத்த ஆறு வருடம் நேர்காணலில் உதவும், இந்தக் கணக்கில் சேராது. ஆகவே லெவல் 5-க்குப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். களப்பயிற்சி இடத்தை நீங்கள் தேடித் தருவீர்களா, நானா? அங்கே என் வழிகாட்டி கணக்கு எடுப்பவரா? வகுப்பு நடுவில் மூடப்பட்டால் மீதி மணிக்கு என்ன வழி? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

பிஜிசிஇ நல்ல படிப்பு. ஆனால் பள்ளிக்கான பிஜிசிஇ வேறு, பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் கல்விக்கானது வேறு. சிறு பிள்ளையும் பகுதிநேர வேலையும் இருக்கும்போது பகுதிநேர லெவல் 5 உங்களுக்கு ஏற்றது என்பது என் முடிவு. பள்ளிக் கதவு அதனால் அடைபடாது. லெவல் 5-க்குப் பின் கியூடிஎல்எஸ் என்ற தொழில்முறைத் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்திருந்து, அதை வழங்கும் சங்கத்தில் உறுப்பினராகத் தொடர்பவரை 2012 முதல் இங்கிலாந்துப் பள்ளிகளும் தகுதிபெற்ற ஆசிரியராக ஏற்கின்றன. கியூடிஎல்எஸ் பெற ஆங்கிலத்திலும் கணக்கிலும் லெவல் 2 சான்று வேண்டும். இந்தியப் பட்டத்தை அதற்கு ஈடாக ஏற்பார்களா என்று வாதாடுவதைவிட, அன்றாடத் தேவைக்கான ஆங்கிலத்தையும் கணக்கையும் சோதிக்கும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 தேர்வு இரண்டையும் எழுதிவிடுவது சுலபம். கணக்குத் தேர்வில் கால் பங்கு மதிப்பெண் கால்குலேட்டர் இல்லாத பகுதிக்கு. நாளை உங்கள் மாணவர்கள் எழுதப்போகும் தேர்வு அதுதான், நீங்களே உட்கார்ந்து எழுதியிருப்பது வகுப்பில் உதவும்.

எழுத்து வேலையைப் பற்றிச் சுருக்கமாக. நம் படிப்பில் "நான்" என்று எழுத யாரும் விடவில்லை. இங்கே அதைத்தான் கேட்பார்கள். வகுப்பில் நடந்ததை வரிசையாகச் சொன்னால் மதிப்பெண் வராது. ஒவ்வொரு வகுப்பும் முடிந்த அன்றே மூன்று வரி: என்ன நினைத்துப் போனேன், அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள், அடுத்த வகுப்பில் எதை மாற்றுவேன். லெவல் 5 கட்டுரைகளுக்கான சரக்கு எல்லாம் அந்த நோட்டில் சேர்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. வகுப்பில் தமிழ்ப் பெண்கள் வருவார்கள். இடைவேளையில் தமிழில் பேசுவார்கள். ஒருநாள் ஒருவர், "யாரிடமும் சொல்லாதீங்க அக்கா" என்று வீட்டில் நடக்கும் அடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து என்றால் மையத்தில் இதற்கென்று இருக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டியது உங்கள் கடமை, அதை அந்தப் பெண்ணிடமே முதலில் கனிவாகச் சொல்லிவிடுங்கள். கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே அன்றே எழுதிக் கொடுங்கள். நீங்களாக விசாரிக்கப் போகாதீர்கள், கணவரிடம் பேசப் போகாதீர்கள். விசா விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்பவர்களுக்கும் இதே எல்லை. சட்டப்படி குடிவரவு ஆலோசனை தரத் தகுதி பெற்றவர்கள் வேறு, மையத்தின் ஆலோசகரிடம் அனுப்புங்கள். சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். நம்மவர்களிடம் இது முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் எல்லையைத் தெளிவாக வைத்திருக்கும் ஆசிரியரைத்தான் ஆபத்தில் இருப்பவர் நம்பி வருவார்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்திலுள்ள மையத்தின் கணக்கு வகுப்பில் தன்னார்வலராகச் சேரக் கேளுங்கள். காலை ஒன்பதரை மணி வகுப்பு உங்கள் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வர ஏற்றது. குற்றப் பின்னணி பார்க்கும் டிபிஎஸ் சோதனைக்கு அவர்களே விண்ணப்பிப்பார்கள். சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் அதன் புதுப்பிப்புச் சேவையில் பதிந்துகொண்டால் அதே வகை வேலைக்கு வேறு இடம் போகும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. சில இடங்களில் இந்தியக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள், அதற்கு நாள் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் அந்த வகுப்பில் எதையும் சொல்லிக்கொடுக்காமல் ஒரே ஒரு கற்பவரின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே பேனாவை வைத்துவிட்டு நிமிர்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மைக்ரோடீச்சுக்கான மூன்று விலைச்சீட்டுகளை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.