விற்கலாம் என்றார்கள், எதில் போய் விற்பது?

'மீன்பிடித் தொழிலுக்குத்தான் கொரோனா ஊரடங்கில் விலக்கு கொடுத்தார்களே, அப்புறம் கடலோர மக்களுக்கு என்ன கஷ்டம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மீன் வாங்கும் ஊர்க்காரர் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில். 2020 மார்ச்சில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்து சேர்ந்தேன். என் சம்பளத்தில் ஒரு நாள்கூடப் பிடித்தம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா கரையில் ஏலத்தில் சூடை, காரல் மாதிரிச் சின்ன மீன்களை எடுத்து, பஸ்ஸில் உச்சிப்புளி பக்கம் போய்த் தெருத்தெருவாக விற்பவர்.

ஏப்ரலில் விலக்கு வந்தது. 15-ம் தேதி ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதால் விசைப்படகுகள் எப்படியும் கட்டித்தான் கிடந்தன (வழக்கமான 61 நாளை அந்த ஆண்டு 47 ஆகக் குறைத்தார்கள்). நாட்டுப்படகுகள் போயின, மீனும் வந்தது. விற்பனைக்கும் அனுமதி உண்டு. ஆனால் எதில் போய் விற்பது? பஸ்தான் ஓடவில்லையே. சொந்த வண்டி வைத்திருந்த வியாபாரிகள் கரையிலேயே மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் அம்மாவும் இன்னும் மூன்று பேரும் லோடு ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள். பாதி வழியில் நிறுத்தி, "மீனும் டிரைவரும் போகலாம், நீங்க இறங்குங்க ஆத்தா" என்றார் போலீஸ்காரர். கூடைகளை இறக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார்கள். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். நோய் பரவட்டும் என்றும் நான் சொல்லவில்லை, கருத்துப் பகுதியில் யாரும் கிளம்பி வர வேண்டாம்.

அன்றைக்கு மீந்த சூடை முழுவதும் உப்புப் போட்டு மொட்டை மாடிக்குப் போனது. எனக்கு சிக்னல் கிடைத்ததும் அந்த மாடியில் மட்டும்தான். கருவாட்டுக்கு நடுவே உட்கார்ந்து மீட்டிங் பேசுவேன், காக்கா விரட்டுவதும் நான்தான். அம்மா ஒரு நாள் கேட்டார்: "உக்காந்த இடத்துல உனக்கு மட்டும் எப்படிடா சம்பளம் போடுறான்?" மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

நிவாரணம் வந்ததே என்பீர்கள். வந்தது. ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1,000 ரூபாய் ஏலக்காரரிடம் வைத்திருந்த பாக்கிக்கே போய்விட்டது. ஜூனில் பஸ் ஓடியது, ஜூலையில் மறுபடி நின்றது, செப்டம்பரில்தான் ஒழுங்காக வந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல விஷயம். ஆனால் அன்னக்கூடையைப் பார்த்ததும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துகிற டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. கூடையோடு ஓட முடியாது என்பதால், இப்போதெல்லாம் நிறுத்தத்துக்கு இருபதடி தள்ளியே நின்றுகொள்கிறார்.