பழகியதும் பறந்துவிடுகிறார்களே!

கேள்வி: சேலத்தில் பதினான்கு பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். எல்லோரும் இரண்டாண்டு அனுபவக்காரர்கள்தான். பொறியியல் முடித்து வரும் பிள்ளைகளை எடுத்து ஆறு மாதம் சொல்லிக்கொடுக்கிறோம். தொழில் கைக்கு வந்ததும் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டாண்டு ஒப்பந்தம் எழுதி, அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் என் ஆடிட்டர். நம் ஊரில் திறமைக்குப் பஞ்சமா, விசுவாசத்துக்குப் பஞ்சமா? (பெயர் வேண்டாம், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

பதில்: ஆடிட்டரிடம் வரிக் கணக்கை மட்டும் கேளுங்கள். சான்றிதழ் அந்தப் பிள்ளையின் சொத்து. அதை வாங்கிப் பூட்டி வைப்பதற்கு நீங்கள் அவனுக்குக் கடன் கொடுத்தவர் அல்ல. வேலையை விட்ட பிறகு வேறு நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவின்படி அது செல்லாது. குறிப்பிட்ட காலம் வரை வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதுண்டு. ஆனால் தொகை நியாயமானதாக இருக்க வேண்டும். ஆறு மாதம் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொன்னதற்கு என்ன ரசீது காட்டுவீர்கள்?

பஞ்சம் என்ற பேச்சே வேண்டாம். கருப்பூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. தியாகராஜர் பாலிடெக்னிக் அதற்கும் மூத்தது, 1958இல் தொடங்கியது. தனியார் கல்லூரிகளை எண்ணத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. ஜாகீர் அம்மாபாளையத்தில் அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் வந்தாயிற்று. ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது.

கடிதத்தோடு உங்கள் ஆள் தேவை விளம்பரத்தையும் இணைத்திருக்கிறீர்கள். ஐந்து கணினி மொழிகள் தெரிந்திருக்க வேண்டுமாம், நான்காண்டு அனுபவம் விரும்பத்தக்கதாம், புதியவர்களும் விண்ணப்பிக்கலாமாம், சம்பளம் பன்னிரண்டாயிரமாம். இதைப் படித்த பிறகும் உங்களைத் தேடி வருகிற பிள்ளையின் விசுவாசத்தை நான் சந்தேகிக்க மாட்டேன்.

ஆனால் சம்பளத்தைக் கூட்டினால் மட்டும் தீராது. பெங்களூர்க்காரர் தருவதை உங்களால் தர முடியாது, அது எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. உங்களிடம் சேர்கிற பையன் மூன்றாம் ஆண்டில் யாரைப் போல் ஆவான்? உங்கள் பதினான்கு பேரில் அவன் அண்ணாந்து பார்க்க ஒருவராவது உண்டா? எல்லோரும் இரண்டாண்டுக்காரர்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்திலிருந்து, கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவன்தான் முதலில் கிளம்புவான். மற்றவன் தங்குவான். அவன் தங்குவது உங்களுக்கு நல்லதா என்று யோசியுங்கள்.

இந்த ஊருக்கு இது புதிய பாடம் அல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ, அந்தக் காலத்து உயர்தொழில்நுட்பத் தொழிற்சாலைதான். மலையாளத்தின் முதல் பேசும்படமே 1938இல் இவர்கள் தயாரிப்பில்தான் வந்தது. சென்னையில் இருப்பவர்கள் சேலத்துக்கு வர மாட்டார்கள் என்று சுந்தரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. 1950இல் வந்த ஒரு படத்தை இயக்க அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனை அமர்த்தினார். அதே படத்துக்கு வசனம் எழுதியவர் இருபத்தாறு வயதுகூட நிறையாத மு. கருணாநிதி. தேர்ந்த கை ஒன்றும் புதிய கை ஒன்றும் ஒரே வேலையில். நீங்கள் புதிய கைகளை மட்டும் வாங்கிச் சேர்க்கிறீர்கள்.

தேர்ந்த கைக்கு எங்கே போவது என்பீர்கள். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து கிளம்பும் பஸ்கள் விடியலில் புதிய பஸ் நிலையத்தில் யாரை இறக்கிவிடுகின்றன என்று ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள நம் ஊர்க்காரர்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பாவுக்குச் சர்க்கரை, குழந்தைக்குப் பள்ளிக்கூட இடம் என்று ஆயிரம் காரணம் இருக்கிறது அவர்களுக்கு, திரும்பி வர. வந்து செய்ய மதிப்பான வேலைதான் இல்லை. நான்கு புதியவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சேர்த்து, கூடவே உங்கள் லாபத்திலிருந்தும் கொஞ்சம் போட்டு, அப்படி ஒருவரைக் கொண்டுவாருங்கள். பங்கு தர முடிந்தால் இன்னும் நல்லது. முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். அதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று கடிதத்தின் தொனியிலிருந்தே தெரிகிறது.

புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் மாற்றுங்கள். ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை நொடி, ஆங்கிலத்தில் குழு விவாதம் என்பதெல்லாம் எதற்கு? வெள்ளிக் கொலுசு செய்யும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால் நல்ல வினாத்தாளே கிடைக்கும். வெள்ளியை எடை போட்டு வேலைக்காரரிடம் கொடுப்பார்கள், கொலுசாக எடை போட்டுத் திரும்ப வாங்குவார்கள். சேதாரம் கழித்துக் கூலி கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு சிறிய கணக்கு நிரலை எழுதி, ஒவ்வொரு வரவிலும் புள்ளிக்குப் பிந்தையதை வெட்டி கிராமை முழு எண்ணாக்கும் பிழையை வேண்டுமென்றே அதில் வையுங்கள். மாதக் கடைசியில் வெள்ளி குறைகிறது, ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கொடுங்கள். விடை வருகிறதா என்பதைவிட, தராசு எத்தனை புள்ளி வரை காட்டும் என்று கேட்கிறானா பாருங்கள். கேட்கிறவனை விடாதீர்கள், அவன் ஆங்கிலம் தடுமாறினாலும். கேட்கிறவளை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு வேலைக்கு ஒத்துவராது என்று பெண்களை ஒதுக்கும் வழக்கம் உங்கள் விளம்பரத்தின் கடைசி வரியில் எட்டிப் பார்க்கிறது. பெங்களூருக்கு அனுப்ப வீட்டார் தயங்கும் கெட்டிக்காரப் பெண்கள் அம்மாபேட்டையிலும் ஆத்தூரிலும் எத்தனையோ பேர்.

பணமில்லை என்பது அடுத்த புலம்பலாக இருக்கும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் ஓராண்டுக்கு எடுக்கலாம். முப்பது பேர் இருந்தால் கட்டாயம். உங்களைப் போல் நான்கு பேருக்குக் குறையாதவர்களுக்கு விருப்பம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் முதலில் அந்த மூத்தவரைப் பிடியுங்கள். பழகுநர்களை எடுப்பது அதற்குப் பிறகு.